மெட்டில்டா வீட்டின் ஆழம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு மார்கழியில், தூத்துக்குடி திரேஸ்புரத்தில், மெட்டில்டாவின் வீட்டுக்குள் கடல் வந்து நின்றது. கூரை ஓட்டின் அடிவரைக்கும் தண்ணீர். ஆனால் வாசல்படியைத் தாண்டி ஒரு சொட்டு தெருவுக்கு வரவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. நிலைச்சட்டத்துக்குள் தண்ணீர் கண்ணாடி பதித்ததுபோலச் செங்குத்தாக நின்றது. விரலை விட்டால் விரல் நனையும், எடுத்தால் துவாரம் மூடிக்கொள்ளும். ரங்கூன் அரிசி வரத்து நின்றுபோயிருந்த வருஷம் அது. அதனால் தெருக்காரர்கள் அரைநாள் நின்று பார்த்தார்கள், பிறகு அரிசிக்கடை வரிசையில் இடம் போய்விடும் என்று கலைந்துவிட்டார்கள். ஜப்பான்காரன் வேலையாக இருக்கலாம் என்று ஒரு போலீஸ்காரர் மட்டும் நீண்ட கம்பை விட்டுத் துழாவினார். கம்பு அடி தட்டவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஓர் ஆள் கையைத் தூக்கினால் எட்டும் கூரை. உள்ளே இறங்கினால் எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழம். கடலடியில் சங்கு கிடக்கிற பாருக்கு என்ன ஆழமோ அதே ஆழம்.

அந்த ஆழம் எங்கிருந்து வந்தது என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருந்தது. யார்மேல் சந்தேகம் என்பதில் இல்லை. சங்கு குளிக்கிறவனின் கயிற்றை மேலே யார் பிடிப்பது என்பதற்கு அந்தக் கடற்கரையில் ஒரு கணக்கு உண்டு. கூடப்பிறந்தவன் பிடிக்கக்கூடாது. மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்கவேண்டும். பாசம் இதற்குக் காரணம் இல்லை. பாசத்தை நம்பி எட்டுப் பாகம் யாரும் இறங்குவதில்லை. கயிறு நழுவினால் கூடப்பிறந்தவனுக்குப் பங்கு கூடும். மச்சானுக்கோ, தங்கச்சி தாலியறுத்துப் பிள்ளைகளோடு வந்து வாசலில் நிற்பாள். ஆகவே, யாருக்கு நட்டமோ அவன் கையில் கயிறு. மெட்டில்டாவின் புருஷன் சிலுவைக்கும் அவளுடைய தம்பிதான் பிடித்துக்கொண்டிருந்தான். தம்பி குளிர்காய்ச்சலில் கிடந்த ஒருநாள், ஒருநாள்தானே என்று, சிலுவையின் அண்ணன் சூசை பிடித்தான். சாயங்காலம் கயிறு மட்டும் மேலே வந்தது. அவன் கீழே அவிழ்த்துக்கொண்டான் என்று சூசை சொன்னான். இருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப்பின் சூசை நீட்டிய வெற்றிலையை யாரும் வாங்கிப் போடவில்லை. காய்ச்சல் தெளிந்த தம்பி அக்காள் முகத்தில் விழிக்கமாட்டாமல் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டான். உடல் கிடைக்காமலே கோயிலில் பூசை வைத்து முடித்துவிட்டு வந்து பார்த்தபோது வீட்டில் தண்ணீர் நின்றது.

மெட்டில்டா கொஞ்சநேரம் வாசலில் நின்று யோசித்தாள். பிறகு பத்து வயசு மகன் கயித்தானை ஒரு கையிலும் ஏழு வயசு மகள் அருளாயியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்காரர்களுக்கு உள்ளே மூச்சு வந்தது, மற்றவர்களுக்கு வரவில்லை. அடுப்பு நீலமாக எரிந்தது, சோறு வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. பிள்ளைகள் காலையில் ஈரத்தலையோடு மேலேறிப் பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களை ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் உட்கார்த்தி வைத்தார்கள். மெட்டில்டா வாசலில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டு விற்றாள். வீடு முழுக்கத் தண்ணீரை வைத்துக்கொண்டு கருவாட்டு வியாபாரம் செய்கிறாளே, எடையில் ஈரம் இருக்கும் என்று வாங்குகிறவர்கள் முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினார்கள்.

இப்படி ஒரு வருஷத்துக்குமேல் போனது. நாற்பத்துநான்கு தொடக்கத்தில் தாய் சேய் நலம் பார்க்கிற சர்க்கார் ஆபீசான வட்டாரக் கச்சேரிக்குச் சூசையிடமிருந்து ஒரு மனு வந்தது. தம்பி பிள்ளைகள் தண்ணீரில் கிடந்து சீரழிகிறார்கள், தகப்பன் வழியில் மூத்தவன் நான் இருக்கிறேன், பிள்ளைகளையும் அவர்கள் வீட்டையும் என் பொறுப்பில் விட்டால் வளர்த்து ஆளாக்குவேன் என்பது மனு. வீட்டடி மனையைத் துறைமுகத்துக்குப் பஞ்சு ஏற்றும் ஒருவர் மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்டக் கேட்டுக்கொண்டிருந்ததை மனுவில் எழுத அவன் மறந்துபோயிருந்தான்.

அந்தக் கச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு பழைய கிட்டங்கியின் மாடியில் இருந்தது. தகப்பனில்லாத பிள்ளைகளுக்குப் பால்மாவு கொடுப்பது, பிள்ளை வளர்கிற வீட்டை அதிகாரி தன் கண்ணால் உள்ளே போய்ப் பார்ப்பது, பார்த்ததைப் பாளையங்கோட்டை மேல்கச்சேரிக்கு எழுதுவது, மேல்கச்சேரி அதை நம்பாமல் திருப்பிக் கேட்பது ஆகியவை அதன் வேலைகள். தாய்மார் பால்மாவை விற்றுவிடுகிறார்கள் என்று கச்சேரி சந்தேகப்பட்டது. கச்சேரியே விற்றுவிடுகிறது என்று தாய்மார் சந்தேகப்பட்டார்கள். இரு தரப்பும் விற்கிறது என்று பாளையங்கோட்டை சந்தேகப்பட்டது. மூன்று சந்தேகமும் ஏறத்தாழச் சரியாக இருந்ததால் நிர்வாகம் தடங்கலில்லாமல் நடந்தது. ஒருவர் இடம் காலியானால்தான் அடுத்தவர் மேலே ஏற முடியும் என்பது அங்கே சட்டம். அதனால் யாரும் யாருக்கும் காபி வாங்கிக் கொடுத்ததில்லை. தலைமைக் குமாஸ்தா மந்திரமூர்த்தி தன் தண்ணீர்க் கூஜாவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பூணூலில் முடிந்திருந்தார்.

வீடுகளை உள்ளே போய்ப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் பெயர் கிருபாநிதி. உடன்குடிப் பக்கம், கருப்பட்டி வியாபாரக் குடும்பம். வட்டைப் புரட்டி அடியைச் சுரண்டி மணல் இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் வாங்காத வம்சம். வேதப்பள்ளியில் படிக்கும்போதே வாத்தியார் சொன்ன கணக்கு விடையைப் பின்பக்கமாகப் போட்டுச் சரிபார்த்தவர் என்று பெயரெடுத்து, அந்தக் காரணத்துக்காகவே இந்த வேலைக்கு எடுக்கப்பட்டவர். கிணற்றில் நீந்துவார். கடலைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே அபிப்பிராயம் அது அளவுக்கு அதிகமாக இருக்கிறது என்பது. வயது இருபத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. பார்த்த பெண்களையெல்லாம் நன்றாக இருக்கிறார்களே, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று சந்தேகப்பட்டுத் தள்ளிவிட்டிருந்தார்.

அவர் மெட்டில்டா வீட்டுக்கு வந்து, வாசலில் நிற்கிற தண்ணீரைக் கையால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு சரியாக இருந்தது. பின்பக்கம் சுற்றிப்போய்க் குழாய் ஏதாவது வருகிறதா என்று பார்த்தார். பிறகு உள்ளே போகவேண்டும் என்றார். கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த மெட்டில்டா நிமிராமலே, “தாராளமாப் போங்க சார். போன வெளியாளுக தானா ஏறி வந்ததில்ல, கயிறு கட்டிக்கிட்டுப் போங்க” என்றாள். மனுதாரரும் கூட வந்திருந்தார். கயிறும், மிதித்து இறங்குகிற கல்லும் அவரே கொண்டுவந்திருந்தார். கச்சேரிக்கு ஒத்துழைக்கிற ஒரே ஆள், வயதில் மூத்தவர், கை பலமான கை. கிருபாநிதி சந்தோஷமாகக் கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டி மறுநுனியைச் சூசையிடம் கொடுத்தார். தெருவில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெட்டில்டா புரட்டிக்கொண்டிருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கச்சேரிக்காரரிடம் ஒன்றைச் சொன்னால் அதையே நம் தலையில் கட்டிவிடுவார்கள் என்ற சந்தேகம்தான்.

கல் அவரை நேரே கீழே கொண்டுபோனது. நடுவீட்டில் கால் ஊன்றியதும் கண்ணைத் திறந்தார். சுவரில் மாதா படம், மாடத்தில் எரிகிற விளக்கு, கொடியில் அசைகிற பாவாடை. பார்த்த மட்டுக்கும் போதும் என்று நுரையீரல் சொல்லவே, கயிற்றை இரண்டு தரம் இழுத்தார். கயிறு தாராளமாக வந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. கடைசியில் மறுநுனியும் பாம்புபோல நெளிந்து நெளிந்து இறங்கி அவர் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அறுந்த நுனியாக இல்லை. சந்தேகத்துக்குரிய விஷயம் என்று அவர் நினைக்க ஆரம்பித்தபோது கண் இருட்டியது. அப்புறம் நடந்ததில் அவருக்கு ஞாபகம் இருந்தது, யாரோ சின்னக் கை ஒன்று தன் காதைப் பிடித்துத் திருகி மேலே இழுத்தது மட்டும்தான். அருளாயிக்கு அரசாங்க அதிகாரியை எங்கே பிடித்துத் தூக்குவது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

தெருமணலில் கவிழ்ந்து கிடந்து உப்புத்தண்ணீரைக் கக்கியவரிடம் சூசை, “கை வழுக்கிட்டு சார். பனி ஈரம்” என்றான். உச்சிவெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் போனபிறகு மெட்டில்டா ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“கயித்த அவரு கையில குடுக்கதுக்கு முந்தி என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா.”

“நீ சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா, ஏளா நீ மனுதாரரத் தூத்துதியான்னு எழுதிக்கிடுவீக.” அவள் மணலில் உட்கார்ந்து, கடற்கரையின் கணக்கை அவருக்குச் சொன்னாள். “அண்ணன் தம்பின்னா பாசம் இருக்காதுன்னு இல்ல சார். இருந்தா என்ன பண்ண? பாசம் வழுக்கும். நட்டம் வழுக்காது. ஒங்களுக்கு மச்சான் உண்டுமா?”

“கல்யாணம் ஆகல.”

“அப்ப, நீங்க செத்தா நட்டப்படுத ஆளு ஒங்க ஆபீசுல யாரு இருக்கா?”

கிருபாநிதி அன்றைக்கு நனைந்த சட்டையோடு நடந்து போகும்போதே இதை யோசிக்க ஆரம்பித்தார். அடுத்து வந்த வாரம் முழுக்க மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆளாகப் பார்த்தார். தான் செத்தால் மந்திரமூர்த்தி இன்ஸ்பெக்டர் ஆவார். மந்திரமூர்த்தி இடத்துக்கு அடுத்த குமாஸ்தா வருவார், அவர் இடத்துக்கு அடுத்தவர். கடைசியில் வாசலில் உட்கார்ந்திருக்கும் டவாலிப் பியூன்கூட ஒரு படி ஏறி நாற்காலிக்கு வந்துவிடுவான். உடன்குடியில் அப்பாவுக்குத் துக்கம் இருக்கும். ஆனால் தங்கச்சி கல்யாணத்துக்கு இவர் பங்கு கருப்பட்டிக் கிட்டங்கி கைக்கு வரும். இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வந்தபோது, தான் செத்தால் நட்டப்படுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை என்கிற முடிவுக்கு வந்து, அதைப் பின்பக்கமாகவும் போட்டுப் பார்த்தார். அப்போதுதான் விட்டுப்போன ஒரு பெயர் அகப்பட்டது.

மறுநாள் காலையில் போய், “கயித்த நீ பிடிக்கணும்” என்றார் மெட்டில்டாவிடம்.

“நானா?”

“சர்க்கார் ஆளு ஒன் வீட்டுக்குள்ள செத்தா, அன்னைக்கே போலீஸ் வரும். பிள்ளைகள ஒன்கிட்ட விடமாட்டான். மனு தன்னால ஜெயிச்சுரும். நான் உள்ள பாத்து, வீடு நல்லா இருக்குன்னு எழுதுனாத்தான் ஒனக்குப் பிள்ளைக. என் சாவுல நட்டம் ஒனக்குத்தான்.”

மெட்டில்டா அவரைக் கொஞ்சநேரம் ஏற இறங்கப் பார்த்தாள். அந்த வீட்டில் கடல் வந்தபிறகு அவள் முதல்தடவையாகச் சிரித்தாள் என்று தெருவில் சொல்கிறார்கள். “கருப்பட்டிக்காரர் மவன்ங்கது சரியாத்தான் இருக்கு. வாங்க, முடிச்ச நான் போடுதேன். நீங்க போட்ட முடிச்சு மாட்டுக்குப் போடுத முடிச்சு.”

அன்று கிருபாநிதி நிதானமாகவே பார்த்தார். தரை பெருக்கியிருந்தது. பால்மாவு டப்பா பாதி இருந்தது, அதாவது விற்கப்படவில்லை; இதை அவர் சந்தேகத்தோடு குறித்துக்கொண்டார். பிள்ளைகளின் பாய், பலகை, சிலேட்டு எல்லாம் இருந்தன. சிலேட்டில் எழுதியது அழியவில்லை. திரும்பலாம் என்று நினைத்தபோது வீட்டின் கோடியில், அடுப்பங்கரைக்கும் அப்பால், வெளியிலிருந்து பார்த்தால் அடுத்த வீட்டுச் சுவர் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு மனிதன் உட்கார்ந்திருந்ததைக் கண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. சங்கு போடுகிற வலைப்பை இடுப்பில் இருந்தது. தலையை உயர்த்தி, மேலே, கயிறு போன திசையையே பார்த்துக்கொண்டு இருந்தான். பக்கத்தில் ஒரு தட்டில் சோறு மூடி வைத்திருந்தது. கிருபாநிதி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். தண்ணீருக்குள் அதனால் பிரயோசனம் இல்லை. மூச்சு முட்டுகிறவரை பார்த்துவிட்டுக் கயிற்றை இரண்டு தரம் இழுத்தார். கயிறு விறைப்பாக இருந்தது, ஆனால் யாரும் தூக்கவில்லை.

அந்நேரம் மேலே நடந்ததை அவர் பிறகு தெருவில் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டார். ஆளுக்கு ஒருவிதமாகச் சொன்னதில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது இவ்வளவு. அவர் இறங்கிய கொஞ்சத்துக்கெல்லாம் ஜட்கா வண்டி வந்து நின்றது. மந்திரமூர்த்தியும் ஒரு சின்னக் குமாஸ்தாவும் ஒரு போலீஸ்காரரும் சூசையும் இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டே இருக்கிறார் என்று மந்திரமூர்த்தி பாளையங்கோட்டைக்கு எழுதிப் போட்டிருந்தார். யோசிக்கிற இன்ஸ்பெக்டர்மேல் மேல்கச்சேரிக்குச் சந்தேகம் வந்து, அவர் அறிக்கைக்குக் காத்திராமலே உத்தரவு போட்டுவிட்டது. பிள்ளைகள் இருவரையும் தகப்பன் வழி மூத்தவரிடம் ஒப்படைப்பது. மந்திரமூர்த்தி அதை ராகமாக வாசித்தார். கயித்தானும் அருளாயியும் அம்மாவின் இரு பக்கமும் உட்கார்ந்து கருவாட்டுக்குக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஏளா, அந்தக் கயித்த விட்டுட்டு இங்கன வந்து ரேகை வை” என்றார் மந்திரமூர்த்தி.

“கயித்துக்கு அந்தப் பக்கம் ஒங்க ஆபீசர் இருக்காரு.”

“இருக்கட்டும். உத்தரவு ஆயாச்சு. அவரு இனிமே பாத்து வந்து சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல. அவரு எழுதுனாலும் ஒண்ணுதான், எழுதாட்டாலும் ஒண்ணுதான்.”

அப்போது அடி ஆழத்திலிருந்து கயிறு இரண்டு தரம் அசைந்தது. போலீஸ்காரர் அருளாயியின் தோளைத் தொட்டார். மெட்டில்டாவுக்கு இருந்தது இரண்டு கை, இரண்டும் கயிற்றில். கயிற்றை விட்டால் மகளைப் பிடிக்கலாம். தூக்க ஆரம்பித்தால், தூக்கி முடிக்கிறவரை நிறுத்த முடியாது. அதற்குள் இரண்டு பிள்ளைகளும் வண்டியில் இருப்பார்கள். அவள் சூசையைப் பார்த்தாள். சூசை அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். விடுகிறாளா என்று பார்த்தான் என்கிறார்கள். விட்டால் அவனுக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும், கயிற்றை விட்டவன் உலகத்தில் தான் ஒருவன் மட்டும் இல்லை என்று. மெட்டில்டா காலைப் படியில் உதைத்து ஊன்றிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்து, சாதாரணமாக, விளையாடினது போதும் என்று சொல்கிற குரலில், “வீட்டுக்குப் போங்க” என்றாள். பிறகு தூக்க ஆரம்பித்தாள்.

அருளாயி தோளைக் குலுக்கினாள். பிடி, மீனைப் பிடித்த மாதிரி நழுவியது. இரண்டும் நிலைப்படியில் கால் வைத்துத் தண்ணீருக்குள் போய்விட்டன. கிருபாநிதி மேலே வருகிற வழியில் அவர்கள் கீழே போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தார். கயித்தான் அவருக்கு ஒரு சலாம் வைத்தான்.

இனிமேல் உத்தரவை நிறைவேற்ற வேண்டுமானால் யாராவது இறங்கவேண்டும். போலீஸ்காரர், அது கச்சேரி வேலை, போலீஸ் வேலை தரையோடு முடிந்தது என்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். மந்திரமூர்த்தி தைரியசாலி. சட்டையைக் கழற்றி, சூசை நீட்டிய வேறொரு கயிற்றை இடுப்பில் கட்டி, படியில் ஏறி நின்று, மறுநுனியைக் கொடுப்பதற்காகத் திரும்பினார். சூசை கை நீட்டிக்கொண்டு நின்றான். “நான் பிடிக்கேன் சார்” என்றான். அவர் அவனைத் தாண்டி அப்பால் பார்த்தார். அங்கே சின்னக் குமாஸ்தா நின்றான். நாலு வருஷமாக ஒரே சம்பளத்தில் இருக்கிற பையன். அவனும் கை நீட்டினான். நல்ல பையன்தான். ஆனால் கொஞ்சம் சீக்கிரமாக நீட்டிவிட்டான். மந்திரமூர்த்தி அந்தக் கையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, “இன்னைக்கு நாள் நல்லா இல்ல” என்றார். அன்று சுபமுகூர்த்தம், தெருவில் இரண்டு கல்யாணம்.

கிருபாநிதி வெளியே வந்து விழுந்து, மூச்சு திரும்பி, எழுந்து உட்கார்ந்து முதலில் பார்த்தது மெட்டில்டாவின் உள்ளங்கையை. கயிறு இரண்டு கையையும் கீறி, தோல் உரிந்திருந்தது. நடந்ததை விசாரித்தபின் வழக்கம்போலக் கணக்குப் போட்டார். உத்தரவை வாசித்த நிமிஷத்திலிருந்து அவர் செத்தால் அவளுக்கு ஒரு நட்டமும் இல்லை. பிடித்துக்கொண்டிருந்ததில்தான் நட்டம். ஏன் பிடித்தாள் என்பதற்கு விடை வரவில்லை. பின்பக்கமாகப் போட்டார், அப்போதும் வரவில்லை. அவளிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது. அவளோ வேறொன்றைக் கேட்டாள்.

“கோடியில இருக்காகளே, பாத்தீகளா?”

“பாத்தேன்.”

“திரும்புனாகளா?”

“இல்ல.”

“எங்களுக்கும் திரும்பமாட்டாக. கயிறு வரும்னு இருக்காக” என்று சொல்லிவிட்டுக் கருவாட்டை அள்ளப் போனாள்.

அன்று இரவே கிருபாநிதி மேல்கச்சேரிக்கு எழுதினார். வீடு ஈரம், மற்றபடி குறையில்லை. தகப்பன் வீட்டில் இருக்கிறார், முதுகைப் பார்த்தேன். தகப்பன் இருக்கையில் பெரியப்பன் பொறுப்புக்கு இடமில்லை. பாளையங்கோட்டை இதை நம்பாமல், அந்த முதுகு மூச்சு விடுகிறதா என்று கேட்டது. தான் உள்ளே இருந்தவரையில் இருவருமே விடவில்லை என்று கிருபாநிதி உண்மையை எழுதினார். இதற்குப்பின் கடிதங்கள் போய்வந்து கொண்டிருந்தன. உத்தரவு ரத்தாகவும் இல்லை, நிறைவேறவும் இல்லை. வருஷத்துக்கு ஒருதரம் பாளையங்கோட்டையிலிருந்து யாராவது ஓர் அதிகாரி கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து ஆச்சரியப்படாமல், இதில் கொசு முட்டையிடுமா என்று கேட்டு, உப்புத்தண்ணீரில் இடாது என்று தெரிந்து திருப்தியானார். சட்டையைக் கழற்றிக் கயிற்றைக் கட்டினார். கட்டிவிட்டு, கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனார். ஒருவர் மட்டும் தன் மச்சானையே கூட்டிக்கொண்டு வந்தார். ஆனால் மச்சானின் தங்கச்சியைத் தான் நடத்துகிற விதம் மச்சானுக்குத் தெரியும் என்பது கடைசி நிமிஷத்தில் ஞாபகம் வந்துவிட்டது.

யுத்தம் முடிந்தது. சூசை கடற்கரையில் கயிற்றுக்கடை ஒன்று வைத்து, ஒரு முழம்கூட விற்காமல், கடையை மூடிவிட்டு மணப்பாட்டுப் பக்கம் போய்விட்டான். கச்சேரியில் கொடி மாறியது, முத்திரை மாறியது, உத்தரவு மாறவில்லை. மந்திரமூர்த்தி, சின்னக் குமாஸ்தா இரண்டுபேரும் கிருபாநிதியைத் தாண்டி மேலே போனார்கள். கிருபாநிதி இன்ஸ்பெக்டராகவே இருந்தார். காலாண்டுக்கு ஒருதரம் வந்து கயிற்றை மெட்டில்டா கையில் கொடுத்து இறங்கினார். நாற்பத்தாறில் அவருக்கு உள்ளே பாதி மூச்சு வந்தது. இது விதிக்கு உட்பட்டதுதானா என்று தெரியாததால் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்தேழில் கோடியிலிருந்த மனிதன் கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததுபோலத் தோன்றியது. காதின் நுனி தெரிந்தது. அதை மெட்டில்டாவிடம் சொன்னார். அவள் எந்தக் காது என்று கேட்டாள். இடது காது. அன்றைக்கு அவள் கருவாடு விற்கவில்லை.

கச்சேரியின் அதிகாரம் பிள்ளைக்குப் பதினாலு முடிகிறவரைதான். கயித்தானுக்கு அது ஏற்கெனவே முடிந்து, துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். அருளாயிக்கு நாற்பத்தொன்பது ஆகஸ்டில், மாதா திருவிழா முடிந்த மறுநாள், பதினாலு முடிந்தது. கிருபாநிதி அன்று காலையில் வந்து, உத்தரவு இன்றோடு செத்தது, இனி யாரும் வரமாட்டார்கள், தானும் வரவேண்டியதில்லை என்று சொன்னார். மெட்டில்டா நம்பவில்லை. சத்தியம் பண்ணச் சொன்னாள். வேதக்காரர்கள் சத்தியம் பண்ணக்கூடாது என்றார். இதில் ஏதோ இருக்கிறது என்று இன்னும் கொஞ்சநேரம் சந்தேகப்பட்டுவிட்டு, பிறகு படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு பாட்டம் அழுது முடித்தாள். அவர் காக்கை விரட்டினார்.

“சரி, நான் வாரேன்” என்று அவர் எழுந்தபோது, “எங்க போறீரு?” என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரை நீர் என்று சொன்னது அதுதான் முதல்தடவை. “பிள்ள ஆக்கி வச்சிருக்கா. திருவிழாச் சோறு. சாப்பிடாமப் போனா அவ பேசமாட்டா.”

கிருபாநிதி சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். கயிற்றை இடுப்பில் கட்டினார். ஐந்தாறு வருஷத்தில் முடிச்சு அவர் கைக்குப் படிந்திருந்தது, அவள் திருத்தவில்லை. மறுநுனியை எடுத்து நீட்டினார். மெட்டில்டா உடனே வாங்கவில்லை.

“இப்ப நீரு உள்ள செத்தா எனக்கு என்னவே நட்டம்?”

அவர் யோசித்துப் பார்த்தார். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“ஒண்ணுமில்ல.”

“பெறகு?”

“பிடி” என்றார்.

அவள் வாங்கிக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலைப் படியில் ஊன்றினாள். அவர் அடியைச் சுரண்டிப் பார்க்காமல், திரும்பியும் பாராமல், நிலைப்படியில் கால் வைத்து இறங்கினார். அன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. கீழே, கோடியில் மூடி வைத்த தட்டு போக, நாலு தட்டில் சோறு போட்டு ஆறிக்கொண்டிருந்தது.